ஒருபக்கம் மட்டும் தீட்டிய அம்பு

1

ஊரில் இருக்கும் என் பெரியக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வட்சப்பில் அழைப்பார். முதலில் குளிர் எப்படி என்று கேட்பார். பிறகு என்னுடைய சீனி வருத்தம். மூன்றாவதாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“தம்பி, புவனா இப்பவும் காட்டுக்குப் போறவவோ?”

“ஓம் அக்கா, போறவ.”

“வில்லும் அம்பும் கொண்டோ?”

“ஓம்.”

“அப்ப நீ என்ன செய்யிறனி?”

“நான் காருக்கை இருந்து தேத்தண்ணி குடிக்கிறனான்.”

அக்கா “சரி, குளிருக்கை கவனம்” என்று சொல்லி வைத்துவிடுவார். தம்பி கனடாவுக்குப் போய் நன்றாக இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு இந்தச் செய்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல யோசிக்கும் மற்றவர்களும் வாசிக்கலாம்.

புவனா என் மனைவி. ஐம்பது வயதைத் தாண்டிவிட்டாள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவு ஊட்டும் வேலை. நான் பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றிவிடுகிறவன். வீடு மோர்னிங்சைட்டில். ஊரில் நாங்கள் இருவரும் மானைப் படத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். இப்போது அவள் ஒன்ராறியோ அரசாங்கத்தின் அட்டையும் அனுமதியும் வைத்திருக்கும் வில்வேட்டைக்காரி.

இந்த நாட்டில் மானை வேட்டையாடுவதற்கும் ஒரு படிப்பு, ஒரு சோதனை, ஒரு அட்டை உண்டு. புவனா வேலையால் வந்து, குசினியில், அடுப்படி மேசையில் இருந்துகொண்டு அந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தாள். நான் கேள்வி கேட்பேன். எந்தக் குளம்படி மானுடையது, எது மூஸ் என்ற பெரிய மிருகத்தினுடையது, பக்கத்துக் காணிக்குள் அடிபட்ட மிருகம் ஓடினால் யாரிடம் கேட்க வேண்டும். கார் ஓட்டும் சோதனையில் நான் இரண்டு தரம் கோட்டை விட்டவன். அவள் இதில் முதல் தரமே தேறிவிட்டாள். அன்று இரவு சாப்பாட்டில் அவள் வழக்கத்தைவிட ஒரு அகப்பை அதிகம் சோறு போட்டுக்கொண்டாள். அதுதான் அவளுடைய கொண்டாட்டம்.

2

வில்லுக்கு முன் அவளுடைய தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புவனாவின் இடது தோளின் பின்புறம், எலும்போடு ஒட்டி, வெடித்த எறிகணைச் செல் ஒன்றின் இரும்புத் துண்டு கிடக்கிறது. கலியாணத்துக்கு முன்பே, இடம்பெயர்ந்து போன பாதையில் பட்டது. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும், கிடக்கட்டும் என்று டொக்டர் தைத்துவிட்டார். அது அவளோடு கடல் கடந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் முதலில் இருந்த மாடிக்கு வந்து, பிறகு மோர்னிங்சைட்டுக்கும் குடிவந்துவிட்டது. பனி கொட்டப் போகிறது என்பதைத் தொலைக்காட்சிக்கு முன்னால் அவளுடைய தோள் சொல்லும்.

முதியோரைத் தூக்கித் தூக்கி அந்தத் தோள் ஒருமுறை இறுகிவிட்டது. ஸ்கான் எடுக்க அனுப்பினார்கள். உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று அங்கிருந்த பெடியன் கேட்டான். மொழிபெயர்க்கப் போன நான், அவசரத்தில், “ஷீ ஹாஸ் எ ஷெல்” என்று சொன்னேன். அவன் அவளைப் பார்த்த பார்வையில், கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஒன்றை விழுங்கிவிட்டாள் என்று நினைத்தது தெரிந்தது. யுத்தம், குண்டு என்று நான் விளக்கிய பிறகு அவன் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டான். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் அவளை விடமுடியாது என்றான், காந்தம் இரும்பை இழுத்துவிடும் என்றான்.

எங்கள் மகள் மதுரா அப்போது சிறு பிள்ளை. காந்தம் இழுக்கும் என்ற செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜில் ஒட்டியிருந்த நயகரா நீர்வீழ்ச்சிக் காந்தத்தைக் கழற்றி, தாயின் தோளில் வைத்துப் பார்த்தாள். அது விழுந்துவிட்டது.

“இரும்பு ஆழத்திலை கிடக்கு பிள்ளை” என்றாள் புவனா.

அதன் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மதுரா அதே காந்தத்தை வைத்துப் பார்ப்பாள். இரும்பு மேலே வந்திருக்குமா என்று. பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்புக்குப் போன பிறகு அந்த விளையாட்டு நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று நாங்கள் கவனிக்கவில்லை.

தோளை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர் சொன்னார். சமூக நிலையத்தில் யோகாசன வகுப்புக்கு என்று போனவள், பக்கத்து மண்டபத்தில் அம்பு எய்கிறவர்களைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அடுத்த கிழமை அந்தப் பக்கம் போய்விட்டாள். வில்லைப் பிடிக்கும் இடது கையை நீட்டி அசையாமல் வைத்திருக்கும்போது மட்டும் தோள் நோவதில்லை என்று சொன்னாள். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

3

வேட்டைக்குப் போகிறாள் என்றதும் எங்கள் ஆட்கள் மத்தியில் கதை புறப்பட்டது. கோவிலில் ஒரு அன்ரி, “பிள்ளை, நல்ல குடும்பத்துப் பொம்பிளையள் செய்யிற வேலையோ உது?” என்று கேட்டார். புவனா சிரித்துக்கொண்டு, “திருவிழாவிலை சுவாமியே ஒருநாள் வேட்டைக்குப் போறார் அன்ரி. அண்டைக்கு நீங்கள் தானே முன்னுக்கு நிண்டு கும்பிடுறியள்” என்றாள். அன்ரி அதற்குப் பிறகு சுகம் மட்டும் விசாரிக்கிறார்.

லிண்ட்சே பக்கம் டேவ் என்ற விவசாயி இருக்கிறார். அவருடைய தாயைக் கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் பார்த்துக்கொண்டவள் புவனா. அவருடைய சோயாவை மான்கள் தின்று தீர்க்கின்றன. தன் காணியில் வந்து வேட்டையாடலாம் என்று அவராகவே சொன்னார்.

போன வருடம் அங்கே அவள் எய்த அம்பு ஒரு மானின் தோளில் பட்டது. பட்டது, ஆனால் ஊடுருவவில்லை. அம்பின் தண்டு முறிந்து விழுந்தது. முனை உள்ளே நின்றுவிட்டது. மான் காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடினோம். அடுத்த நாளும் தேடினோம். டேவும் தன் நாயோடு வந்தார். கிடைக்கவில்லை.

அந்த முனை கடைக்காரர் சிபாரிசு செய்தது. பறக்கும்போது சுருங்கி இருக்கும், பட்டவுடன் உள்ளிருந்து அலகுகள் விரியும். கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது, அந்த முனையில்தான் பிழை, எலும்பில் பட்டால் அது அப்படித்தான் என்றார். வெளியே வந்து காரில் ஏறியதும் புவனா சொன்னாள்.

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.”

மதுராவுக்கு அது தெரியவந்ததுதான் பெரிய சங்கடம். அவளுக்கு இப்போது டவுன்ரவுணில் வேலை. நாங்கள் எப்போது விட்டுப் போவோம் என்று காத்திருந்த அதே சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் பழைய கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, தானாக விரும்பிக் குடியிருக்கிறாள். மச்சம் மாமிசம் தொடுவதில்லை, முட்டையும் இல்லை. தமிழ் விளங்கும், பதில் பாதி ஆங்கிலத்தில் வரும். அன்று தாயின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அம்மா, ஒரு துண்டு இரும்போடை வாழுறது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும். யூ, ஒஃப் ஓல் பீப்பிள்.”

அதற்குப் பிறகு அவள் சில காலம் வீட்டுக்கு வரவில்லை. வேலை கூட என்று சொன்னாள். மகள் சொன்னது அநியாயம் என்று நான் பொருமினேன். புவனா பொருமவில்லை. அவளுக்கு மகள் சொன்னது சரி என்று பட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது.

“இஞ்சாருங்கோ” என்றாள் ஒருநாள். “இன்னொருக்கா ஒரு உயிருக்குள்ளை இரும்பை விட்டிட்டு வந்தனெண்டால், வில்லை அண்டைக்கே குடுத்துப்போடுவன்.”

அவள் சொன்னால் செய்வாள். இந்த நாட்டில் எனக்காக, பிள்ளைக்காக, சீட்டுக்காக, வீட்டுக்காக என்று ஓடியவள், தனக்கென்று எடுத்த ஒரே பொருள் அந்த வில். அது வீட்டை விட்டுப் போனால் அவளுக்குள் எது போகும் என்று எனக்குத் தெரியும்.

4

ஆகவே அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அம்புமுனை ஆராய்ச்சி நடந்தது. என் மனைவியின் மூளையை நான் அதுவரை முழுதாக அறிந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமையல் கத்தியின் வாயை உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிந்து வந்து நடுவில் கூடும். தச்சருடைய உளி அப்படியல்ல. ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் மட்டும் சரிவு. அம்புமுனையிலும் இப்படி ஒருபக்கச் சரிவு உள்ள இனம் உண்டு. கடையில் சிங்கிள் பெவல் என்பார்கள். அதில் இரண்டு அலகுகள். ஒரு அலகின் சரிவு இந்த முகத்தில், மற்றதின் சரிவு எதிர் முகத்தில். அதனால் உடம்புக்குள் போகும்போது நேரே போகாமல் திருகிக்கொண்டு போகும். எலும்பில் பட்டால் ஆப்புப்போல இறுகி நிற்காமல், திருகி எலும்பைப் பிளந்துவிட்டுப் போகும்.

“வலுவான ஆம்பிளையள் எந்த முனையையும் போட்டு எய்யலாம்” என்றாள். “என்ரை வில்லு மெல்லிசு. என்ரை தோளுக்கு அவ்வளவுதான் இழுக்க ஏலும். விரியிற முனை, விரியிறதுக்கே பாதிப் பலத்தைத் திண்டுபோடும். எனக்கு வீணாக்கப் பலமில்லை.”

முனையும் அம்பும் பாரமானதாக வேண்டும் என்று தெரிந்தெடுத்தாள். பாரமான அம்பு மெதுவாகப் போகும், ஆனால் போனால் நிற்காது. மெதுவாகப் போவதால் தூரத்து மானுக்கு எய்யக் கூடாது. எங்கள் வாசலிலிருந்து தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் உள்ள தூரத்தைத் தனக்கு எல்லையாக வைத்துக்கொண்டாள். மாலையில் குப்பைப் பெட்டியை வைக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கம்பத்தைக் கண்ணால் அளந்துகொண்டு நிற்பாள். எதிர்வீட்டுக்காரர் விளக்கு பழுதோ என்று என்னிடம் கேட்டார்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. அம்பின் வாலில் ஒட்டியிருக்கும் இறகுகள் சற்றுத் திருகி ஒட்டப்பட்டிருக்கும், அம்பு சுழன்றுகொண்டு போவதற்காக. இறகு வலப்பக்கம் சுழற்றினால் முனையின் சரிவும் வலப்பக்கம் திருப்புவதாக இருக்க வேண்டும். மாறி இருந்தால், ஒருவர் போத்தல் மூடியைத் திறக்க மற்றவர் பூட்டுவதுபோல, பட்ட இடத்தில் எல்லா வேகமும் செத்துப்போகும். அவளுடைய பழைய அம்புகளில் இறகுகள் இடப்பக்கம் திருகி இருந்தன. வாங்கிய முனைகள் வலப்பக்கம். இரண்டு கிழமையாக நிலவறையில் இருந்துகொண்டு எல்லா இறகையும் சுரண்டி எடுத்து, புதிதாக ஒட்டினாள். வீடு முழுக்கப் பசை மணம். பிட்டு அவிக்கும்போதும் அதே மணம்.

தீட்டுவதும் அவளே. சரிவுள்ள பக்கத்தை மட்டும் கல்லில் வைத்து, ஒரே கோணத்தில், அவசரமில்லாமல் இழுப்பாள். தட்டைப் பக்கத்தைத் தீட்டக் கூடாது. அங்கே திரண்டு நிற்கும் பிசிரை மட்டும் ஒருதரம் தடவி எடுக்க வேண்டும். கடைசியில் தோலில் தேய்ப்பாள். அந்தத் தோல் என்னுடைய பழைய இடுப்புப் பட்டி. வயிறு பெருத்ததில் எனக்குப் பயன்படாமல் போனது நல்லதாகப் போயிற்று. பிறகு ஒரு லாஸ்ரிக்கை, ரப்பர் வளையத்தை, விரலில் இழுத்துப் பிடித்து, முனையை அதன்மேல் வெறுமனே வைப்பாள். அழுத்தாமலே அறுந்தால்தான் அவளுக்குத் திருப்தி.

இந்த முனையில் குறையே இல்லையா என்று கேட்டேன். “இருக்கு” என்றாள். “காயம் ஒடுக்கம். ரத்தம் அவ்வளவாச் சிந்தாது. மான் எந்தப் பக்கம் ஓடுது எண்டு கண்ணை எடுக்காமல் பாக்கவேணும்.” தான் விரும்பும் பொருளின் குறையை இவ்வளவு நேராகச் சொல்லக்கூடிய ஒருத்தி என்னைப் பற்றி அக்காவிடம் என்ன சொல்வாளோ என்ற பயம் அன்று வந்தது.

5

ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம், வேட்டைக் காலம் மூன்று மாதம் இருக்கிறதே, பிறகென்ன அவசரம் என்று. அது அரசாங்கத்தின் கணக்கு. எங்கள் வீட்டில் வேறு பஞ்சாங்கம் ஓடுகிறது.

புரட்டாசியில் வேட்டை கிடையாது, சனீஸ்வரனுக்கு விரதம். நவராத்திரிக்கு வீட்டில் மச்சம் இல்லை. வெள்ளிக்கிழமை எந்த மாதத்திலும் கிடையாது. கந்தசஷ்டி தொடங்கினால் ஆறு நாளும் உபவாசம். அது முடிந்தால் டேவின் மச்சான்மார் துப்பாக்கி வேட்டைக்கென்று துவக்கோடு வந்து காணியை நிறைத்துவிடுவார்கள். ஆக, விஜயதசமிக்கும் கந்தசஷ்டிக்கும் இடையில், புவனாவுக்கு வேலை இல்லாத நாட்கள்தான் அவளுடைய வேட்டைக் காலம். “சட்டம் விட்டாலும் முருகன் விடமாட்டார்” என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் கணக்கெடுப்பதில்லை.

சரஸ்வதி பூசைக்கு மதுராவின் பழைய புத்தகங்களோடு தன்னுடைய அம்புமுனைகளையும் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஊரில் உழவரும் தச்சரும் தங்கள் ஆயுதங்களை வைப்பதுதானே. நன்றாகத் தீட்டிய மூன்று முனைகள், சந்தனப் பொட்டோடு. விஜயதசமிவரை ஒருவரும் தொடக் கூடாது.

அவளுடைய தம்பி கண்ணன் அவலும் கடலையும் சாப்பிட வந்தான். ஸ்காபரோவில் மீனும் ஆட்டிறைச்சியும் விற்கும் கடை வைத்திருப்பவன். தங்கமான பிள்ளை. அக்காவுக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் என்றால் கேட்டுச் செய்ய மாட்டான், செய்துவிட்டுத்தான் சொல்வான். விஜயதசமியன்று பூசை முடிந்ததும் அவனை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் கோவிலுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது கண்ணன் வாசலில் நின்றான், முகமெல்லாம் பல்.

“அத்தான், உந்தக் கொம்பனிக்காரன் அக்காவைப் பேய்க்காட்டிப்போட்டான். ஒரு பக்கம் தீட்டாமலே வித்திருக்கிறான். நான் கடைக்குக் கொண்டுபோய் மெசினிலை பிடிச்சு மற்றப் பக்கத்தையும் எடுத்துவிட்டிருக்கிறன். இனி ரோமத்தையே பிளக்கும்.”

புவனா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். சந்தனப் பொட்டுகூட இல்லை. மூன்று முனைகளும் இரண்டு பக்கமும் சரிந்து, சமையல் கத்திகளாகிவிட்டிருந்தன. அவள் கோபிக்கவில்லை.

“ரோமத்தைப் பிளக்கும் தம்பி” என்றாள். “எலும்பைப் பிளக்காது.”

விளக்கமாகச் சொன்ன பிறகு கண்ணன் வாசல்படியில் இருந்துவிட்டான். “தீட்டினதைத் திருப்பி ஒட்டேலாதோ அக்கா?” என்று கேட்டான். அவள் உள்ளே போய் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் ஆட்களுக்கு எதிலும் ஒரு பக்கம் விட்டுவைத்தால் மனம் கேளாது. பாதி வேலை என்று நினைத்துவிடுவோம். கண்ணன் செய்த பிழை என் கையிலும் வந்திருக்கும், மெசின் என்னிடம் இல்லாத குறைதான்.

அமெரிக்காவிலிருந்து புதிதாக மூன்று முனைகள் வரவழைக்க ஓடர் கொடுத்தோம். அவை எல்லையில் சுங்கத்தில் நின்றுவிட்டன. வீட்டில் இப்படியான தொலைபேசி உத்தியோகம் என்னுடையது. இசை கேட்டுக் கேட்டு, எண்களை அழுத்தி அழுத்தி, கடைசியில் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. பொருள் என்ன என்று கேட்டது. அம்புமுனை என்றேன். என்ன தேவைக்கு என்று கேட்டது. என் மனைவியினுடையது என்றேன். அந்தப் பதிலில் அந்த அம்மாவுக்கு என்ன விளங்கியதோ, இன்னும் சில நாள் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டார். சஷ்டி தொடங்கும்வரை பொதி வரவில்லை.

நல்ல காலம், பூசைக்கு வைக்காத ஒரு முனை தப்பியிருந்தது. அதை அவள் ஏற்கெனவே நிலவறையில் ஒரு அம்பில் பூட்டி, இலக்குப் பழகிக்கொண்டிருந்தாள். அதை மறுபடி தீட்டினாள். கண்ணன் தீட்டிய முனைகளும் சட்டப்படி சரியானவைதான். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அவளுடைய அம்புக்கூட்டில் ஒரே ஒரு அம்புதான் வேட்டைக்கு இருந்தது.

6

சஷ்டிக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை, விடியுமுன் டேவின் களஞ்சியத்தடியில் காரை நிறுத்தினோம். அவள் சோயா வயலோரம் இருந்த மறைப்புக் கூடாரத்துக்கு நடந்து போனாள். நான் காரில் இருந்தேன், என் பதவிக்குரிய தேத்தண்ணியோடு.

சூரியன் மேலே வந்து, கண்ணாடியில் படிந்திருந்த உறைபனி ஓடத் தொடங்கியபோது தொலைபேசி அதிர்ந்தது. “வாங்கோ” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நான் போனபோது கூடாரத்துக்குள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எய்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடனே துரத்தினால் மான் வெருண்டு இன்னும் ஓடும், பொறுத்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் அதற்காக மட்டும் இருக்கவில்லை. முகத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்தது.

“பட்டதோ?” என்றேன்.

“பட்டது. விடுற நேரம் மான் ஒரு அடி முன்னுக்கு வைச்சிட்டுது. தோளிலைதான் பட்டது.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “போன முறை பட்ட அதே இடம். எலும்புச் சத்தம் கேட்டது.”

எழும்ப மாட்டேன் என்கிறாள். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழும்பினாள். அவளுடைய கை குளிரில் விறைத்துப் போயிருந்தது. வில்லைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு வந்ததைக் கண்டேன். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

மான் நின்ற இடத்தில் நிலத்தில் கீறிய குளம்படியும் சில ரோமமும் இருந்தன. இரத்தம் ஒரு துளிகூட இல்லை. முறிந்த தண்டு கிடக்கிறதா என்று இருவரும் தேடினோம். போன வருடம் அதுதான் முதலில் அகப்பட்டது. சோயாத் தாள்களை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தண்டும் இல்லை என்றால் முழு அம்போடும் மான் போய்விட்டதா என்று நினைத்தேன்.

புவனா நின்ற இடத்தில் திரும்பி, கூடாரத்தைப் பார்த்தாள். பிறகு அம்பு போயிருக்க வேண்டிய கோட்டைக் கண்ணால் இழுத்து, மான் நின்ற இடத்தையும் தாண்டி, வரம்பை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். வரம்பில், புல்லுக்குள், மண்ணில் சரிந்து குத்திக்கொண்டு அம்பு நின்றது. முழு அம்பு. இறகு முதல் முனை வரை சிவந்திருந்தது.

அவள் மண்டியிட்டு அதை இழுத்தெடுத்தாள். முனையை நீரில் கழுவப் போத்தலை நீட்டினேன். கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு அலகையும் நுனியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனிகூட முறியவில்லை. ஒரு சிராய்கூட விட்டுப்போகவில்லை. பத்திரமாக எல்லாம் இருந்தது.

“எல்லாம் இருக்கு” என்றாள்.

மானைக் கண்டது அதற்குப் பிறகுதான். வரம்பைத் தாண்டி, கண்ணுக்கு எட்டிய தூரத்தில், காய்ந்த வாய்க்காலில் கிடந்தது. அதிக தூரம் போகவில்லை. எலும்பைப் பிளந்துகொண்டு மற்றப் பக்கத்தால் அம்பு வெளியேறிப் போயிருந்தது. புவனா அதன் பக்கத்தில் இருந்து கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் அழுதாள். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பெரிய பெரிய வீடு கட்டியவர்களையும், பிள்ளைகளை டொக்டர் ஆக்கியவர்களையும் பார்த்து நான் வியந்திருக்கிறேன். அந்த வாய்க்கால் கரையில் என் மனைவியைப் பார்த்து வியந்ததுபோல ஒருவரையும் பார்த்து வியந்ததில்லை. ஒரு உயிரை எடுப்பதென்றால் இவ்வளவு பொறுப்போடு எடுக்க வேண்டும் என்று நினைத்து, ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரு துண்டு இரும்பைப் படித்தவள் அவள். எங்கள்மேல் செல் அடித்தவர்கள் இதில் காற்பங்கு யோசித்திருந்தால் போதும்.

7

கண்ணன் இறைச்சியை வெட்டிப் பிரித்துக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால், “அக்கா, உந்தப் பக்கத்தை வெட்டலாமோ?” என்று கேட்டுக் கேட்டு வெட்டினான்.

அடுத்த நாள் ஞாயிறு, மதுரா வந்தாள். முந்திய இரவே புவனா அவளுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தாள். என் பெரியக்கா அன்று வட்சப்பில் எனக்கு முன்னால் அவளைப் பிடித்து, எல்லாவற்றையும் கேட்டு அறிந்துவிட்டாராம். எனக்கு அவளிடமிருந்து ஒரு பிரசங்கம் வரும் என்ற பயம் இருந்தது. புவனா அவளுக்கென்று தனிச் சட்டியில் கத்தரிக்காயும் பிட்டும் வைத்திருந்தாள். மதுரா சாப்பிட்டாள். மான் இறைச்சிச் சட்டியை ஒருமுறை பார்த்தாள், மூடியைத் திறக்கவில்லை.

“டிட் இற் சஃபர்?” என்று தாயிடம் கேட்டாள்.

“கொஞ்ச நேரம்” என்றாள் புவனா. “இல்லையெண்டு உனக்குப் பொய் சொல்லமாட்டன். ஆனா உள்ளுக்கை ஒண்டும் விட்டிட்டு வரேல்லை.”

மதுரா எழும்பிக் கைகழுவப் போனாள். போகிற வழியில் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றுவிட்டாள். மேல்மூலையில், ஒருவருடைய கையும் படாத உயரத்தில், அந்த அம்புமுனையை நயகராக் காந்தத்தின் கீழே புவனா ஒட்டி வைத்திருந்தாள். மதுரா கைகளை உடுப்பில் துடைத்தாள். எட்டி, முனையை அவதானமாக எடுத்து மேசையில் வைத்தாள். காந்தத்தைக் கழற்றிக்கொண்டு தாயின் பின்னால் வந்து நின்றாள். இடது தோளின் பின்புறம், சீலைக்கு மேலால், பழைய இடத்தில் வைத்து விரலை எடுத்தாள்.

காந்தம் தரையில் விழுந்தது.

“இன்னும் இல்லை அம்மா” என்றாள்.

புவனா குனிந்து காந்தத்தை எடுத்து அவளுடைய கையில் கொடுத்தாள்.

“அது கிடக்கட்டும் பிள்ளை. ஒண்டாவது வெளியாலை வந்திட்டுதெல்லே.”